கோட்டைக்கு எவ்வளவு தூரம்?

ஃப்ளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு விடுமுறைக்குப் போக நினைக்கும் குடும்பம் முதலில் எடுக்கவேண்டிய முடிவு, எந்த விடுதியில் தங்குவது என்பது. எந்த ராட்டினத்தில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரே நிறுவனம் நடத்தும் விடுதிகளுக்குள்ளேயே வாடகை பல மடங்கு வேறுபடுகிறது. மெத்தையும் நீச்சல்குளமும் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பொதுவாகக் கோட்டையை நெருங்க நெருங்க வாடகை ஏறுகிறது. விலக விலக இறங்குகிறது. அறை வாடகை என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பங்கு அருகாமைதான்.

இந்த அருகாமையை வாங்கும் குடும்பம் உண்மையில் எதை வாங்குகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வரைபடத்தை வாசிக்கிறேன். அந்தப் பூங்காவுக்கு நான் பயணியாகப் போனதில்லை. வரைபடங்கள், அதைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள், ஒரு திரைப்படம் ஆகியவையே என் பிரதிகள். முதல், கரு, உரி என்று நிலத்தைப் படிக்கப் பழகியவளுக்கு வரைபடமும் ஒரு பிரதிதான்.

என் வாதம் இது. பூங்காவின் அமைப்பும் விடுதியின் இருப்பிடமும் சேர்ந்து, விடுமுறையின் பராமரிப்பு வேலையை யார் எவ்வளவு சுமப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. குழந்தையைத் தூக்குவது, ஊட்டுவது, தூங்கவைப்பது, நனைந்த துணியை மாற்றுவது, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டே இருப்பது ஆகிய வேலைகளுக்கு விடுமுறை கிடையாது. பணமுள்ள குடும்பம் அருகாமையை வாங்கி அவற்றைக் குறைத்துக்கொள்கிறது. பணம் குறைந்த குடும்பத்தில் அவற்றைப் பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடல் ஏற்கிறது. வரைபடத்தின் விளிம்புக்கு அப்பால், அந்த அருகாமையைப் பெருக்கித் துடைத்துப் பேணும் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள்.

பெஞ்சில் அமர்ந்த அப்பா

டிஸ்னி பூங்காக்களுக்கு ஒரு தோற்றக்கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு வால்ட் டிஸ்னி தம் இரண்டு மகள்களை அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்று அவருக்கு அங்கேதான் தோன்றியதாம். அந்தப் பூங்காவின் பெஞ்சு ஒன்றை டிஸ்னிலேண்டில் காட்சிக்கும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் அதில் யாருடைய அலுப்பு பேசுகிறது என்று கவனிக்க வேண்டும். விடுமுறை நாளில் குழந்தைகளை வெளியே அழைத்துவந்த தந்தையின் அலுப்பு அது. அவருக்கு வேண்டியது தாமும் பங்கேற்க ஒரு வாய்ப்பு. வாரத்தின் மற்ற நாட்களிலும் குழந்தைகளோடு இருக்கும் ஒருத்தியை அதே பெஞ்சில் உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். கொஞ்ச நேரம் யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று அவள் சொல்லியிருக்கலாம். சேர்ந்து மகிழ்வது என்ற இலட்சியத்தில், மகிழ்ச்சியை ஏற்பாடு செய்யும் வேலை யாருடையது என்ற கேள்வி எழுவதே இல்லை. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1989இல் எழுதிய நூல், சம்பள வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குக் காத்திருக்கும் வீட்டுவேலையை இரண்டாம் பணிமுறை என்று பெயரிட்டது. குடும்ப விடுமுறையில் அந்தப் பணிமுறை முடிந்துபோவதில்லை, வேறோர் ஊருக்கு இடம் மாறுகிறது.

நிலமும் உணர்வும்

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் ஆனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கர் நிலம் அது. அங்கே உருவான அமைப்பையே 1971இல் ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டமும் பின்பற்றியது. உள்ளே போக ஒரே வாசல். வாசலிலிருந்து ஒரு கடைவீதி. வீதியின் முடிவில் ஒரு வட்டம், அதற்கப்பால் கோட்டை. வட்டத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பாதைகள் பிரிந்து, சாகச நிலம், எல்லை நிலம், கற்பனை நிலம், நாளைய நிலம் என்று வெவ்வேறு நிலங்களுக்குப் போகின்றன. டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயில் ஓட விட்டார்கள். வெளியுலகம் கண்ணில் படாமலிருக்க இந்த ஏற்பாடு.

நிலம் என்ற சொல்லை நான் சும்மா பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய மரம், உணவு, இசை, ஊழியரின் உடை உண்டு. குப்பைத்தொட்டியின் சாயம்கூட நிலத்துக்கு நிலம் மாறும். திணைக் கோட்பாடு படித்தவர்களுக்கு இவை கருப்பொருள்களாகவே தெரியும். அவற்றால் எழுப்பப்படும் உணர்வு உரிப்பொருள். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் அகமரபில் நிலம் அங்கே வாழ்பவர்களுக்கு உரியது. பிரிவும் காத்திருப்பும் ஊடலும் அந்த நிலத்தில் உழைக்கும் மனிதர்களுக்கு நேர்பவை. இங்கோ நிலத்தில் வாழ்பவர் யாரும் இல்லை. வந்துபோகிறவருக்காக உணர்வு தயாரித்து வைக்கப்பட்டிருக்கிறது. நிலத்தில் உழைப்பவர் அந்த நிலத்தின் உடையை வேலை நேரத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றுகிறவர்.

இந்த அமைப்பில் பெண்களுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. கோட்டை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஃப்ளோரிடாவில் அதன் உயரம் 189 அடி. வழி தவறினால் வட்டத்துக்குத் திரும்பிவிடலாம். வாகனம் வந்து மோதுமோ என்று அஞ்சாமல் குழந்தையின் கையை விடலாம். கழிப்பறைகள் உண்டு, அவை சுத்தமாகவும் இருக்கும். இருட்டிய பிறகும் கூட்டத்தில் நடக்கலாம். கலை வரலாற்றாளர் கேரல் ஆன் மார்லிங் 1997இல் தொகுத்த நூல் இந்தக் கட்டடக்கலையை ஆறுதல் தரும் கட்டடக்கலை என்று குறிப்பிட்டது. பொதுவெளியில் அச்சமின்றி நடப்பதே அரிதாகிப்போன பெண்களுக்கு இந்த ஆறுதல் சிறிய விஷயமல்ல. டிஸ்னியை விரும்பும் பெண்களை நுகர்வு மோகத்தில் விழுந்தவர்கள் என்று எள்ளி ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். நகரம் தரவேண்டியதைத் தராதபோது, அதை நுழைவுச்சீட்டோடு ஒரு நிறுவனம் விற்கிறது. வாங்குகிறவளைக் குறை சொல்லி என்ன பயன்?

ஏரிக்கு அக்கரையில்

டிஸ்னிலேண்ட் திறந்தபோது நிறுவனத்திடம் விடுதி கட்டப் பணமில்லை. பக்கத்தில் விடுதி நடத்தும் உரிமையை ஜேக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பெற்றார். பூங்காவைச் சுற்றிச் சாலையோர மோட்டல்கள் முளைத்தன. பூங்கா இழுத்துவந்த கூட்டத்தின் பணத்தில் பெரும்பகுதி மதிலுக்கு வெளியே போயிற்று. வால்ட் டிஸ்னி இதிலிருந்து பாடம் கற்றார். ஃப்ளோரிடாவில் பெயர் வெளியே தெரியாதபடி போலி நிறுவனங்களின் வழியாக 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கப்பட்டது. 1967இல் அந்த நிலப்பரப்புக்கென்றே தனி உள்ளாட்சி அதிகாரத்தை மாநில அரசு சட்டமியற்றிக் கொடுத்தது. டிஸ்னி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஆனால் அவர் விரும்பியது நடந்தது: பயணி எங்கே தூங்குகிறார் என்பதும் நிறுவனத்தின் வரைபடத்துக்குள் வந்துவிட்டது.

1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டமோடு கன்டெம்பரரி, பாலினீசியன் என்ற இரண்டு விடுதிகளும் திறக்கப்பட்டன. மோனோரயில் கன்டெம்பரரியின் உள்ளேயே புகுந்து போகும். காரில் வருகிறவர்களுக்கோ பூங்காவின் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. வண்டி நிறுத்துமிடம் செயற்கையாக வெட்டிய ஒரு பெரிய ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. அங்கே இறங்கி, மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்து, பிறகுதான் வாசல். அன்றாட உலகத்தை விட்டு மெல்ல மெல்லக் கனவுக்குள் போகும் அனுபவமாக இதைப் புகழ்வார்கள். கையில் சுமையில்லாதவர்களுக்கு அது அப்படித்தான் இருக்கும்.

கோடைக்கால நண்பகலை எடுத்துக்கொள்வோம். ஃப்ளோரிடாவின் வெயிலும் புழுக்கமும் நமக்கு விளக்க வேண்டாதவை. பிற்பகலில் இடியுடன் மழையும் வரும். இரண்டு வயதுக் குழந்தை தூக்கத்துக்கு அழுகிறது. கன்டெம்பரரியில் தங்கிய தாய் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் அறைக்குப் போய்விடுவாள். குழந்தை தூங்கும், அவளும் கால் நீட்டலாம். மாலையில் திரும்பி வரலாம். நிறுவனத்தின் மலிவு விடுதிகளான ஆல்-ஸ்டார் வகையில் தங்கியவள் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். மோனோரயிலில் தள்ளுவண்டியை மடக்காமல் ஏற்றலாம். பேருந்திலோ அதை மடக்கித் தூக்கியாக வேண்டும் என்பது நீண்ட காலம் விதியாக இருந்தது. அதாவது, தூங்கிய குழந்தையை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியை மடக்கிப் படியேற வேண்டும். பூங்காவின் எல்லைக்கு வெளியே மோட்டலில் தங்கியவளுக்கு ஏரி, வண்டி நிறுத்துமிடம், நெடுஞ்சாலை மூன்றும் இடையில் கிடக்கின்றன. அவள் நண்பகலில் அறைக்குப் போவதைப் பற்றி யோசிக்கவே மாட்டாள். நாள் முழுவதும் வெயிலில் இருப்பாள். மாற்றுத் துணி, பால், மருந்து, குடை எல்லாவற்றையும் காலையிலேயே கட்டிக்கொண்டு வந்திருப்பாள். ஒரே பூங்கா, ஒரே விலையில் நுழைவுச்சீட்டு. மூன்று பெண்களுக்கும் மூன்று வேறு நாட்கள்.

மேஜிக் கிங்டமில் குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. பாலூட்ட அறைகளும் துணி மாற்ற வசதியும் கொண்டது. அது இருப்பது கடைவீதியின் முடிவில், வட்டத்தின் ஓரத்தில். கற்பனை நிலத்தின் கோடியில் குழந்தை பசித்து அழுதால் கோட்டையைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். பூங்காவில் எங்கேயும் பாலூட்டத் தடையில்லை. ஆனால் நிழலும் தனிமையும் அமர இடமும் ஓரிடத்தில்தான் ஒன்றுசேர்ந்து கிடைக்கின்றன. உயரம் போதாத குழந்தையோடு வருகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. ஒரு பெரியவர் குழந்தையோடு வெளியே காத்திருக்கலாம். மற்றவர்கள் சவாரி முடித்து வந்ததும் அவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இரண்டு பெரியவர்கள் இருக்கும் குடும்பத்துக்காக யோசிக்கப்பட்டது. தனியாகக் குழந்தையை அழைத்துவரும் தாய்க்கு முறை மாற்றிக்கொள்ள ஆளில்லை.

விடுதியின் இடம் நேரத்தையும் பங்கிடுகிறது. 2021 முதல் நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோர் மற்றவர்களைவிட அரைமணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் போகலாம். விலையுயர்ந்த விடுதிகளில் தங்குவோருக்குச் சில இரவுகளில் கூடுதல் நேரமும் உண்டு. 2024இல் வந்த ஏற்பாட்டின்படி, குறுகிய வரிசைக்கான முன்பதிவைக் கட்டணம் செலுத்தி அவர்கள் ஏழு நாட்களுக்கு முன்பே செய்யலாம். வெளியில் தங்குவோருக்கு மூன்று நாட்களுக்கு முன்புதான். இவை சலுகைகளாகத் தெரிகின்றன. ஆனால் அந்த அரைமணியைப் பயன்படுத்த யாரோ ஒருவர் இருட்டிலேயே எழுந்து குழந்தைகளைக் குளிப்பாட்டிக் கிளப்ப வேண்டும். முன்பதிவுக்காக யாரோ ஒருவர் விடியற்காலையில் கைபேசியோடு விழித்திருக்க வேண்டும். யார் எதில் ஏற விரும்புகிறார்கள், யாருக்கு எதில் தலைசுற்றும், யாருக்கு எப்போது பசிக்கும் என்ற முழுக் கணக்கும் ஒரு தலைக்குள் இருக்க வேண்டும். வீட்டில் மறுநாள் சமையலையும் பள்ளிக் கட்டணத்தையும் நினைவில் வைத்திருக்கும் அதே தலைதான் பெரும்பாலும் இதையும் சுமக்கிறது.

விமர்சகர்களின் கையில் குழந்தை இல்லை

டிஸ்னி பூங்காவைப் பற்றி ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். உம்பர்த்தோ எக்கோ அதை அசலைவிட அசலாகத் தோன்றும் போலி என்றார். மற்ற அமெரிக்காவை மெய்யென்று நம்பவைக்கவே டிஸ்னிலேண்ட் கற்பனையாக முன்வைக்கப்படுகிறது என்பது ழான் போத்ரியாரின் வாதம். உள்ளே இருக்கும் கூட்டத்தின் கதகதப்புக்கும் வெளியே வண்டி நிறுத்துமிடத்தின் தனிமைக்கும் உள்ள முரணைக்கூட அவர் கவனித்தார். நம் ஊர்ப் பின்நவீனத்துவ விவாதங்களிலும் இந்தப் பெயர்கள் அடிக்கடி வந்துபோயின. மாணவியாக இருந்த காலத்தில் நானும் அவற்றை வியப்போடு படித்தவள்தான்.

இன்று படிக்கும்போது ஒரு விடுபடல் உறுத்துகிறது. அந்தக் கட்டுரைகளில் பூங்காவைச் சுற்றிவரும் மனிதன் தனியாக நடக்கிறான். அவன் தோளில் பையில்லை, கையில் குழந்தையில்லை, கால் வலிப்பதில்லை. எது மெய், எது போலி என்று அவனால் நாள் முழுக்க யோசிக்க முடிகிறது. பூங்காவின் கோட்டை போலியாக இருக்கலாம், அதைச் சுற்றி நடக்கும் பெண்ணின் கால்வலி மெய்யானது. உடலை விட்டுவிட்டு வெளியை வாசித்தால் கிடைப்பது பாதி வாசிப்புதான். 1995இல் மூன்று பெண்களும் ஓர் ஆணும் சேர்ந்து எழுதிய ‘இன்சைட் தி மவுஸ்’ நூல் இந்த வகையில் முக்கியமானது. பூங்காவுக்கு வரும் குடும்பங்களையும் அங்கே வேலை செய்பவர்களையும் அது அருகில் போய்ப் பார்த்தது.

வேலை செய்பவர்களின் இருப்பிடமும் வரைபடத்தில் இருக்கிறது. பயணியின் கையிலுள்ள வரைபடத்தில் அது அச்சிடப்படுவதில்லை. எல்லை நிலத்தின் உடையணிந்த ஊழியர் ஒருவர் நாளைய நிலத்தைக் கடந்து நடந்ததைப் பார்த்து டிஸ்னி மனம் சுளித்ததாகச் சொல்வார்கள். அதனால் மேஜிக் கிங்டமில் ஊழியர்களுக்கெனத் தனி நடைவழிகள் கட்டப்பட்டன. ஃப்ளோரிடாவில் நிலத்தடி நீர்மட்டம் மிக மேலே இருப்பதால் அவற்றைத் தரைமட்டத்திலேயே கட்டி, ஏரிக்காக வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து மூடி, மேலே பூங்காவை எழுப்பினார்கள். பயணிகள் தரை என்று நினைத்து நடப்பது உண்மையில் முதல் மாடி. அவர்கள் காலடியில் ஆடைகளும் உணவும் சமையலாட்களும் துப்புரவாளர்களும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

192ஆம் நெடுஞ்சாலை

அவர்கள் வேலை முடிந்து எங்கே போகிறார்கள்? ஃப்ளோரிடாவின் ஊழியர்களுக்காகத் தொழிற்சங்கங்கள் 2018இல் போராடிப் பெற்ற ஒப்பந்தம், மணிக்கு 10 டாலராக இருந்த தொடக்க ஊதியத்தைப் படிப்படியாக 2021க்குள் 15 டாலராக்கியது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் எந்த ஊதியத்தில் அந்த அறைகள் துடைக்கப்பட்டிருக்கும் என்பதை அந்த எண்ணே சொல்லும். டிஸ்னி குடும்பத்தைச் சேர்ந்த அபிகெய்ல் டிஸ்னி, ஆனஹைம் பூங்காவின் துப்புரவுத் தொழிலாளர்கள் வாடகைக்கும் உணவுக்கும் படும் பாட்டை 2022இல் ஆவணப்படமாக எடுத்தார். குடும்பத்துக்குள்ளிருந்தே எழுந்த அந்தக் குரல் எனக்கு மதிப்புக்குரியது.

ஃப்ளோரிடாவின் தூரங்களை மிகத் துல்லியமாக அளந்த படைப்பு, ஷான் பேக்கர் இயக்கி 2017இல் வந்த ‘தி ஃப்ளோரிடா புராஜெக்ட்’ திரைப்படம். பூங்கா கட்டப்படுவதற்கு முன் அந்தத் திட்டத்துக்கு டிஸ்னி நிறுவனத்தில் வழங்கிய பெயர் அது. படம் நடப்பதோ பூங்காவிலிருந்து சில மைல் தள்ளி, கிஸ்ஸிமியின் 192ஆம் நெடுஞ்சாலையோரம் உள்ள ஊதா நிற மோட்டலில். பெயர் மேஜிக் காசில். பயணிகளுக்காகக் கட்டிய அந்த மோட்டலில், வீடு வாடகைக்கு எடுக்க முடியாத குடும்பங்கள் வாரக்கணக்கில் குடியிருக்கின்றன. ஆறு வயது மூனியும் அவளுடைய இளம் தாய் ஹேலியும் அவர்களில் இருவர். தொடர்ந்து தங்கினால் குடியிருப்பு உரிமை வந்துவிடும் என்பதால், இடையிடையே ஓர் இரவு அறையைக் காலிசெய்துவிட்டுத் திரும்ப வர வேண்டும்.

படத்தில் ஒரு சிறு காட்சி. பிரேசிலிலிருந்து தேனிலவுக்கு வந்த தம்பதி பெட்டியோடு அந்த மோட்டல் வாசலில் நிற்கிறார்கள். பெயரை நம்பிக் கணவன் தவறான விடுதியைப் பதிவுசெய்துவிட்டான். மனைவி குமுறுகிறாள். பெரியவர்கள் அழப்போவது தனக்கு முன்பே தெரிந்துவிடும் என்கிறாள் மூனி. பார்வையாளர்கள் சிரிக்கும் காட்சி இது. எனக்கு இது படத்தின் மையமாகவே படுகிறது. அந்த மணப்பெண்ணுக்கு ஓர் இரவுகூடத் தாங்க முடியாத தூரம்தான் ஹேலியின் முகவரி.

ஹேலியை மோசமான தாய் என்று எளிதாகத் தீர்ப்பளித்துவிடலாம். அவள் பெரிய விடுதிகளின் வாசலில் மலிவு வாசனைத் திரவியம் விற்கிறாள். காவலர் விரட்டுகிறார். அறை வாடகைக்காக உடலை விற்கிறாள். ஒருவனிடமிருந்து எடுத்த பூங்கா நுழைவுக் கைப்பட்டைகளை இன்னொரு பயணியிடம் விற்கிறாள். வரைபடத்தோடு சேர்த்து வாசித்தால் தீர்ப்பு மாறும். பயணிகளைத் தவிர வேறு பணப்புழக்கமே கண்ணில் படாத ஒரு சாலையில், கையில் எதுவுமில்லாத பெண்ணுக்கு விற்க என்ன மிஞ்சும்? நல்ல தாய்மை என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்திலேயே ஓர் அறையும் கையில் பணமும் இருப்பதுதான். மூனியின் தோழி ஜான்சியின் பிறந்தநாளுக்கு ஹேலி இரண்டு சிறுமிகளையும் அழைத்துப்போய், தொலைவில் நின்று பூங்காவின் வாணவேடிக்கையைக் காட்டுகிறாள். ஒரு சிறிய கேக்; மேலே வானத்தில் ஒளி. அந்த நிறுவனம் சீட்டில்லாமல் தருவது அது ஒன்றுதான். வானத்துக்கு மதில் கட்ட முடியாது.

முடிவில் குழந்தைநல அலுவலர்கள் மூனியைப் பிரித்துக்கொண்டுபோக வருகிறார்கள். மூனி ஓடிப்போய் ஜான்சியிடம் அழுகிறாள். ஜான்சி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். ஓட்டம் பூங்காவின் கோட்டை முன் முடிகிறது. இது கற்பனையா, ஆறுதலா என்று பலரும் விவாதித்திருக்கிறார்கள். நான் அதில் இல்லாமல் போனவற்றைக் கவனிக்கிறேன். நெடுஞ்சாலை நீள்வதில்லை, ஏரி குறுக்கிடுவதில்லை, சீட்டுக் கேட்பவர் யாருமில்லை. உண்மையான வரைபடத்தில் சாத்தியமே இல்லாத ஓட்டம் அது. இயக்குநர் தூரத்தை அழித்துக் காட்டும்போதுதான், அதுவரை அந்தத் தூரம் எவ்வளவு கனமாக இருந்தது என்று நமக்கு உறைக்கிறது. எனக்கு ஒரு குறையும் உண்டு. ஏரிக்கரை விடுதிகளின் படுக்கைகளை விரிக்கும் பெண்களின் பின்னால் இந்தக் கேமரா போகவில்லை. அந்தப் படத்தை இன்னும் யாரோ எடுக்க வேண்டியிருக்கிறது.

விடுமுறையே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஓய்வும் களிப்பும் பெண்களின் உரிமை. அதை ஆடம்பரம் என்று நமக்குச் சொல்லித்தந்தவர்கள் நம் வேலையில் ஓய்வெடுத்தவர்கள். என் கோரிக்கை வாசிப்பு பற்றியது. ஒரு பூங்காவின், ஒரு கல்லூரி வளாகத்தின், ஒரு பேருந்து நிலையத்தின் வரைபடம் கைக்கு வந்தால், அதில் தூக்குகிறவள் எங்கே உட்காருவாள், காத்திருக்கிறவள் எங்கே நிழல் தேடுவாள், துடைக்கிறவள் எந்த வழியாக வந்துபோவாள் என்று கேட்டுப் பார்க்கலாம். மேஜிக் கிங்டமைக் கட்டியவர்கள், பயணியின் கண்ணுக்கு வியப்பு படிப்படியாக விரிய வேண்டும் என்பதற்காக ஓர் ஏரியையே வெட்டினார்கள். ஊழியர்கள் கண்ணில் படாமலிருக்க ஒரு தளத்தையே கட்டினார்கள். இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு நிலத்துக்கு ஒரு பாலூட்டும் அறை கட்டுவது இயலாத காரியமாக இருந்திருக்காது. அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் வரைபட மேசையைச் சுற்றிப் போதிய எண்ணிக்கையில் இருக்கவுமில்லை.